கூட்டிக் கட்டிய கிட்டார்: கைக்கு நிறைவு, விற்றால் குறைவு

உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய எலக்ட்ரிக் கிட்டாரை வாசிப்பவர்கள் பார்ட்ஸ்காஸ்டர் என்று அழைக்கிறார்கள். இங்கே நான் மதிப்பிடுவது அப்படிப்பட்ட ஒன்றை. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டரின் உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் தயாரித்த ஆல்டர் மர ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாடி (உடல்பகுதி), அதே உரிமத்தோடு வந்த மேப்பிள் நெக் (கழுத்து), கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும், கையால் சுற்றப்பட்ட மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள், கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்க உதவும், ஆறு திருகுகளில் நிற்கும் பழைய பாணி டிரெமலோ ஆகியவை சேர்ந்ததே இந்தக் கிட்டார். வாசிக்கும் கருவி என்ற அளவில் இதற்கு முழு மதிப்பெண் தரத் தயங்க மாட்டேன். போட்ட பணத்தைத் திருப்பித் தரும் பொருள் என்ற அளவில் இது தேர்ச்சி பெறாது.

இத்தகைய கிட்டார் சாத்தியமானதற்குக் காரணம் அந்நிறுவனத்தை நிறுவிய லியோ ஃபெண்டர். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்த அவர், 1950இல் வெளியிட்டு 1951இல் டெலிகாஸ்டர் எனப் பெயர் சூட்டிய கிட்டாரில் நெக்கைப் பசையால் ஒட்டாமல் நான்கு திருகுகளால் பூட்டினார். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அதே வழியில் அமைந்தது. பழுதான நெக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம் என்ற அந்த எளிய ஏற்பாட்டின் மீதுதான் வார்மோத், ஆல்பார்ட்ஸ் போன்ற உதிரிபாக நிறுவனங்களின் தொழில் எழுந்து நிற்கிறது. நெக் ஒட்டப்பட்டே வரும் லெஸ் பால் வகைக் கிட்டார்களில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை.

செலவைப் பொறுத்தவரை, பாடி, நெக், பிக்கப் ஆகிய மூன்றின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு இது மலிவு என்று முடிவு கட்டுபவர்களே அதிகம். பெயின்ட் அடிக்காத பாடியின் விலை கவர்ச்சியாகத்தான் தெரியும்; நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை ஒரு தேர்ந்த கையிடம் கொடுத்து அடித்து வாங்கினால் அந்தக் கூலி மரத்தின் விலையையே எட்டிவிடக்கூடும். கம்பியை முறுக்கும் ட்யூனர், பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் (டிரெமலோவும் ஒருவகை பிரிட்ஜே), பாடியின் முன்புறத் தகடான பிக்கார்டு, ஒலியளவையும் தொனியையும் மாற்றும் 250 கிலோ ஓம் பாட்டுகள் (pot), ஐந்து நிலை சுவிட்ச், ஜாக், ஸ்ட்ராப் பட்டன் என நீளும் சில்லறைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் சில்லறை விலையே கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்யும் தொழிற்சாலைக்குக் கிடைக்கும் விலை தனிமனிதருக்குக் கிடைக்காது. இவற்றுக்கு மேல், விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைச் சமன்செய்து விளிம்பை மழுக்குவதற்கும், நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டான நட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் உரிய ஆழத்தில் வெட்டு போடுவதற்கும் கூலி உண்டு. கிட்டார் வாசிக்கத் தக்கதாவது இந்தக் கட்டத்தில்தான்; திட்டமிடும்போது பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

அளவுகள் இசையாவிட்டால் செலவு இன்னும் ஏறும். பழைய பாணி டிரெமலோவில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 56 மி.மீ.; இரண்டு திருகுகளில் நிற்கும் பிற்கால டிரெமலோவில் அது 52 மி.மீ. அளவுதான். அகலத்தை நெக்கின் கடைசி ஃப்ரெட்டோடு ஒப்பிடாமல் பிரிட்ஜை வாங்கினாலோ, நெக் உட்காரும் குழி மயிரிழை கோணலாக இருந்தாலோ, மெல்லிய ஈ (E) கம்பி ஃப்ரெட்டின் விளிம்பில் போய் நிற்கும். விரலால் சற்று இழுத்தால் விளிம்பைத் தாண்டி நழுவும். இந்தக் கிட்டாரில் குழியும் நெக்கும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கின்றன. திருகைப் பூட்டுமுன் தூக்கினாலும் நெக் தானாகக் கழன்று விழவில்லை.

வாசிப்பில் இதன் அருமை நெக்கில் தெரிகிறது. வளைவின் ஆரம் நட்டின் அருகே 10 அங்குலமாகத் தொடங்கி மேலே போகப் போக 16 அங்குலமாகித் தட்டையாகும் விரல்பலகை, கீழே கார்டு பிடிக்கும்போது உள்ளங்கைக்கு இசைவாகவும், மேலே கம்பியை வளைக்கும்போது ஸ்வரம் மூச்சடைக்காமலும் இருக்கிறது. நெக்கின் தடிமனையும் ஃப்ரெட்டின் உலோகத்தையும் வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். கடையில் தொங்கும் கிட்டாரில் அந்தத் தேர்வு ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும்.

ஆனால் விற்கும் நாளில் இந்தத் தேர்வே எதிராகத் திரும்புகிறது. என் கைக்கென்று தேர்ந்த தடித்த நெக் இன்னொருவருக்கு வேண்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தொழிற்சாலைக் கிட்டாருக்கு மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருப்பதால், அதே மாடல் வேறிடத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று வாங்குபவர் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பூட்டிய கிட்டாருக்கு ஒப்பிட எதுவுமில்லை; சாலிடர் வைத்தவர் யார், ஃப்ரெட் சமன்செய்தவர் யார் என்பதும் விற்பவரின் சொல் மட்டுமே. ஆகவே எல்லாப் பாகங்களும் உயர்தரமாக இருந்தாலும், முழுக் கிட்டாராக விற்றால் போட்ட பணத்தில் பாதியை ஒட்டிய விலைதான் பெரும்பாலும் பேசப்படும். நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் முத்திரையை ஒட்டி விலையேற்றப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் மோசடி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாடியின் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய அமெரிக்க வணிகச் சின்ன மேல்முறையீட்டு வாரியம் 2009இல் மறுத்துவிட்டாலும், ஹெட்ஸ்டாக் வடிவமும் பெயரும் இன்றும் ஃபெண்டருக்கே உரியவை. உரிமம் பெற்ற நெக் அந்த வடிவத்தைத் தரும், பெயரைத் தராது.

ராக் இசைக் கலைஞர் எரிக் கிளாப்டனின் பிளாக்கி என்ற கிட்டாரும் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதுதானே என்று சிலர் வாதிடுவதுண்டு. மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் பாகங்களால் ஆன அந்தக் கிட்டார், 2004இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது உண்மை. அங்கே விலைபோனது கிளாப்டனின் பெயர்; நமக்கு அந்தக் கணக்கு உதவாது.

உதவும் கணக்கு வேறு: பிரித்து விற்பது. பெயர்பெற்ற பிக்கப்புக்கும் உரிமம் பெற்ற நெக்குக்கும் தனித்தனியே அறியப்பட்ட விலை உண்டு என்பதால், பாகங்களாக விற்றால் வரும் தொகை முழுக் கிட்டாரின் விலையைத் தாண்டுவது வழக்கம். அதற்கு முதல் நாளிலிருந்தே தயாராக இருக்க வேண்டும். பிக்கப் ஒயரைக் குட்டையாக வெட்டினால் அதன் விலை உடனே விழும். நெக்கின் பின்புறம் வேறு ட்யூனருக்காகப் போட்ட கூடுதல் துளைகளும், ஹம்பக்கர் என்ற அகலமான பிக்கப்புக்காகக் குடைந்த பாடியும் அப்படித்தான். இந்தக் கிட்டாரில் ஒயர்கள் முழு நீளத்தில் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன, தேவையற்ற துளை ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இன்னொரு வசதியும் உண்டு: பிக்கப், பாட், சுவிட்ச் எல்லாமே பிக்கார்டில் தொங்குவதால், 11 திருகுகளைக் கழற்றி, ஜாக்குக்கும் டிரெமலோ ஸ்பிரிங் தகட்டுக்கும் போகும் ஒயர்களை விடுவித்தால் முழு மின்பகுதியும் ஒரே பொருளாகக் கைக்கு வந்துவிடும். அதை அப்படியே விற்பதுதான் எளிது.

புதிதாகக் கூட்டிக் கட்டும்படி, மறுவிற்பனையை எண்ணாமல் பல ஆண்டு வாசிக்கப்போகும் ஒருவருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். மற்றவர்கள் இன்னொருவர் கட்டியதை வாங்குவது லாபம். முதல் உரிமையாளர் ஏற்ற நஷ்டம் அப்படியே இவர்களுக்குச் சேமிப்பாகிறது. வாங்கும்போது நெக்கைக் கழற்றி அடிமுனையில் உள்ள தயாரிப்பாளர் முத்திரையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டாம்.