ஏற்காடு ஹோம்ஸ்டேயில் மூன்று வருட கியூஓஎஸ்: வைத்ததும் கழற்றியதும்

ஏற்காடு ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவில் ஆறு அறை உள்ள ஹோம்ஸ்டே எங்களுடையது. நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். இது போக வெளிநாட்டு கிளையன்ட் ஒருவருக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலையும் செய்கிறேன், ராத்திரி ஒன்பது மணிக்கு மீட்டிங். ஆக நெட் படுத்தால் எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. ரவுட்டரில் கியூஓஎஸ், அதாவது எந்த டிராஃபிக்குக்கு எவ்வளவு கவனிப்பு என்று தரம் பிரித்து வைக்கிற வேலையை, மூன்று வருடத்துக்கு மேலாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். மாற்றி மாற்றி வைத்து, பாதியைக் கழற்றிப் போட்ட கதை இது.

2022 கோடை விழா சமயம்தான் ஆரம்பம். அப்போது எங்களுக்கு ஃபைபர் கிடையாது. மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்த 4ஜி ரவுட்டர், டவுன்லோடு 18 எம்பிபிஎஸ், அப்லோடு 4. பகல் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் சுற்றிவிட்டு விருந்தினர்கள் அறைக்குத் திரும்பி, போன் வைஃபையைப் பிடித்ததும் அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் தானாகவே கிளவுடுக்கு ஏற ஆரம்பிக்கும். சரியாக அந்த நேரத்தில் என் மீட்டிங். "ஹலோ, கேக்குதா?" என்பதைத் தவிர அந்த மே மாதம் நான் உருப்படியாக எதுவும் பேசிய ஞாபகம் இல்லை.

சிக்னல்தான் பிரச்சினை என்று நினைத்து ஆன்டெனாவை எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்த்தேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. டேட்டா எல்லாம் பாக்கெட் என்கிற சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். முழு பாக்கெட் ஒன்று 1500 பைட், அதாவது 12,000 பிட். 4 எம்பிபிஎஸ்ஸில் அதை வெளியே தள்ள 3 மில்லிசெகண்ட் ஆகும். மோடத்துக்குள் (4ஜி லைனோடு பேசும் பகுதி) 300 போட்டோ பாக்கெட் வரிசை கட்டி நின்றால், அவற்றுக்குப் பின்னால் வந்து நிற்கும் என் குரல் பாக்கெட்டுக்கு 900 மில்லிசெகண்ட் காத்திருப்பு. பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. இத்தனைக்கும் பழைய ஜி.711 கோடெக்கில்கூட (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) ஒரு அழைப்புக்கு ஒரு பக்கம் நொடிக்கு 80 கிலோபிட் இருந்தால் போதும், கணக்குப்படி அந்த 4 எம்பிபிஎஸ்ஸில் ஐம்பது பேர் பேசலாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது முன்னால் லோடு லாரி போனால், நம் வண்டி எத்தனை சிசி என்று பேசி என்ன பிரயோஜனம்? இப்படி வரிசை வீங்கித் தாமதமாகும் நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்துப் பரப்பியவர் ஜிம் கெட்டிஸ். இந்தப் பெயர் தெரியாமல் ஆன்டெனாவுக்குச் செலவழித்த காசு எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

முதலில் சேலத்தில் ஒரு கடையில் 'கேமிங் கியூஓஎஸ்' என்று அட்டையில் போட்டிருந்த ரவுட்டரை வாங்கி வந்தேன். அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உயர், நடு, தாழ் என்று தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். என் லேப்டாப்பை உயர் என்று வைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. வரிசை நின்றது 4ஜி மோடத்துக்குள்ளே; இந்த ரவுட்டரோ வந்ததையெல்லாம் அப்படியே அதற்குள் கொட்டிவிட்டுச் சும்மா இருந்தது. அதன் கையில் வரிசையே இல்லாதபோது யாரை முன்னால் விடும்?

அப்புறம் அதே பெட்டியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் போட்டு, கேக் என்கிற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்தேன் (தின்கிற கேக் இல்லை, 2018-ல் லினக்ஸ் 4.19 கெர்னலில் சேர்ந்தது). அப்லோடை 4-க்குப் பதில் 3.2 என்று நானே குறைத்து வைத்தேன். காசு கொடுத்து வாங்கிய ஸ்பீடில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது முட்டாள்தனமாகத்தான் பட்டது. ஆனால் லைனைவிடக் கொஞ்சம் மெதுவாக அனுப்பினால்தான் மோடத்துக்குள் சேர வேண்டிய கூட்டம் நம் ரவுட்டரில் வந்து நிற்கும், ஒழுங்குபடுத்தவும் முடியும். அன்று ராத்திரி எல்லா அறையும் நிரம்பியிருக்க, பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 900 மில்லிசெகண்டிலிருந்து 80-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. இதற்கும் நான் இன்னும் எந்தத் தரமும் பிரிக்கவே இல்லை. கேக் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி வரிசையாக வைத்து, மாறி மாறிப் பரிமாறுகிறது, அவ்வளவுதான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அடுத்த ஆறு மாதம் விதி எழுதும் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும், அதாவது ஐபி ஹெட்டரில், டிஎஸ்சிபி என்று ஆறு பிட் இடம் இருக்கிறது, 0 முதல் 63 வரை எண் போடலாம், 46 என்றால் 'என்னைச் சீக்கிரம் விடு' என்று அர்த்தம். 1998-லிருந்து இருக்கிற ஏற்பாடு. ஸூமுக்கு 8801 முதல் 8810, டீம்ஸுக்கு 3478 முதல் 3481 என்று போர்ட் (சேவைக்குச் சேவை மாறும் வாசல் எண்) பார்த்து 46 குத்தினேன். யூடியூபுக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என்று மொத்தம் 14 விதி. ஒவ்வொரு விதி போட்டதும் ஏதோ நன்றாக ஆன மாதிரி ஒரு பிரமை. உண்மையில் நடந்தது என்ன தெரியுமா? முக்கால்வாசி டிராஃபிக் 443 போர்ட்டில், மறைகுறியாக்கத்துக்குள் வருகிறது. அது சினிமாவா, பாங்க் வேலையா என்று ரவுட்டருக்குத் தெரியாது. நான் குத்தி அனுப்பிய முத்திரை வீட்டு வாசல் தாண்டினால் யாரும் மதிப்பதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் வெறும் 0. நிறைய பேருக்கு முன்னுரிமை கொடுக்கக் கொடுக்க அது, கூட்டம் மொத்தமும் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த திருவிழா நாள் மாதிரி ஆகிவிட்டது. கேக் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்கிறார்கள்: அதன் நான்கு தர அமைப்பில் குரல் பிரிவு லைனின் மொத்த ஸ்பீடில் கால் பங்கைத் தாண்டினால் அதன் முன்னுரிமை போய்விடும். என் 14 விதிகளைவிட அந்த ஒரு வரம்பில் புத்தி அதிகம்.

இப்போது மிச்சமிருப்பது இரண்டே விதி. ஒன்று, வீடியோ அழைப்பு போர்ட்டுகள் மேல் பிரிவுக்கு. இன்னொன்று, அதைவிட முக்கியமானது, சிசிடிவி கேமரா, பேக்கப், லேப்டாப் அப்டேட் எல்லாம் கீழ்ப் பிரிவுக்கு. யாரையாவது மேலே தூக்கிவிட்டுப் பெற்ற பலனைவிட, அவசரமில்லாததைக் கீழே இறக்கிப் பெற்ற பலன்தான் எனக்கு அதிகம். கேமரா பதிவு நாலு நிமிஷம் தாமதமாகப் போனால் யார் அழப் போகிறார்கள்? இதனுடன் ஆள்வாரிப் பங்கீடும் உண்டு: ஒரு போனிலிருந்து ஐம்பது இணைப்பு போனாலும் அது ஒரு ஆள் கணக்குதான். விருந்தினர்கள் உள்ள இடத்தில் இதை வைக்காமல் இருக்காதீர்கள்.

நடுவில் ஒரு வியாபார யோசனையும் வந்தது. மலையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை செய்ய பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார்களே, அவர்களுக்கு ஒரு அறையை 'வேலை அறை' என்று வைத்து, 10 எம்பிபிஎஸ் உறுதி, நாளைக்கு 300 ரூபாய் கூடுதல் என்று போட்டேன். முதல் வாரமே ஒருவர் வந்து கேட்டார்: "சார், பக்கத்து ரூம்லயும் இதே ஸ்பீடுதானே வருது? எதுக்கு 300?" பதில் சொல்ல முடியவில்லை. லைன் காலியாக இருந்தால் எல்லாருக்கும் ஒன்றுதான். அவர் கொடுத்த காசுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் பக்கத்து அறைக்காரர் திணற வேண்டும். அப்படித் திணறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து அறைக்காரரும் வந்தார், குழந்தைக்கு கார்ட்டூன் ஓடவில்லை என்று. "எதுக்குங்க இந்த வம்பு, 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள் மனைவி. கொடுத்துவிட்டேன். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை போட்டது. அது கம்பெனிகளுக்கான விதி, என் வீட்டு வைஃபைக்கு இல்லை. ஆனாலும் அப்படி விலை வைப்பதை எதிர்த்து அப்போது மக்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

2023-ல் ஃபைபர் வந்தது, டவுன்லோடும் அப்லோடும் 50 எம்பிபிஎஸ். கேக்கில் இரண்டு பக்கமும் 46 எம்பிபிஎஸ் என்று குறைத்து வைத்தேன். சுகமான காலம். கேபிள்காரத் தம்பி வரும்போதெல்லாம் "அண்ணா, 100 போட்டுக்கோங்க, எதுக்கு இந்த செட்டிங் எல்லாம்" என்பார். போட்டேன். பழைய ரவுட்டரின் சிபியு 70 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கேக்கைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்கியது. கேக்கை நிறுத்தினால் ஸ்பீடு டெஸ்டில் 97 வரும், ஆனால் ஆறு அறையும் நிரம்பிய ராத்திரி பிங் மறுபடி 150-க்கு ஏறும். வைத்தால் ஸ்பீடு 70, பிங் நிதானம். நான் 70-ஐத்தான் வைத்துக்கொண்டேன். அடுத்த சீசனில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இரண்டு கோர் உள்ள ரவுட்டர் வாங்கியதும் தீர்ந்தது. பெட்டி வாங்குகிறவர்கள் வெளியே எத்தனை ஆன்டெனா நிற்கிறது என்று எண்ணாதீர்கள், உள்ளே சிபியு என்ன என்று கேளுங்கள்.

இதெல்லாம் செய்தும் கீழ்க்கோடி அறையில் மட்டும் புகார் நிற்கவில்லை. கருங்கல் சுவர், வைஃபை உள்ளே நுழையவே தவித்தது. அங்கே ஒரு கேபிள் இழுத்து தனி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) வைத்தேன், முடிந்தது. காற்றில் தொலைகிற பாக்கெட்டுக்கு கேக் ஒன்றும் செய்யாது.

தீராதது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து ஃபைபர் அறுந்தால் பழைய 4ஜி-க்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே ஸ்பீடு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். 3.2 என்று வைத்திருக்கும்போது லைன் 1.5-க்கு இறங்கினால் கூட்டம் மறுபடி மோடத்துக்குள் போய்விடும், பழைய கதைதான். பிங்கைப் பார்த்து அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோரேட் ஸ்கிரிப்ட் ஒன்றை ஐப்பசியிலிருந்து ஓட்டுகிறேன். சில நாள் நன்றாகப் பிடிக்கிறது, சில நாள் பயந்துபோய் 1 எம்பிபிஎஸ்ஸிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அந்த மாதிரி ராத்திரிகளில் கேமரா பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டிங்கில் உட்காருகிறேன்.