ஹீலிக்ஸ் பாலமும் வாடகை சைக்கிளும்

சனிக்கிழம சாயங்காலம் சிங்கப்பூர் மரினா பே பக்கம் ஒரு கடையில வாடகைக்கு சைக்கிள் எடுத்து தங்கச்சியோட ஒரு ரவுண்டு போனேன். ஹீலிக்ஸ் பாலம் 2010ல தொறந்தது, 280 மீட்டர்தான், ஆனா மேல டிஎன்ஏ மாதிரி ஸ்டீல் குழாய முறுக்கிவிட்டிருக்கிற அழகுக்கே மெதுவா போகலாம், அன்னிக்கு போட்டோ எடுக்கிற கூட்டம் வேற, அதனால எறங்கி தள்ளிக்கிட்டே போனோம். இருட்டினதும் தரையில டிஎன்ஏவோட சி, ஜி, ஏ, டி எழுத்துங்க செவப்பு பச்சையா எரியும், குனிஞ்சு பாக்காதவங்களுக்கு தெரியவே தெரியாது. தங்கச்சி "அண்ணே இது பயாலஜி சிலபஸ்ல வந்துச்சு"ன்னா.

அப்புறம் மரினா பேரேஜ். அங்கதான் குடுத்த வாடகைக் காசு வசூலாச்சு! ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் நம்ம குடிக்கிற தண்ணிக்கான நீர்த்தேக்கம், நடுவுல 350 மீட்டர் தடுப்பு. மேல புல்தரையில பட்டம் விடுறாங்க, காத்து அப்படி.

சைக்கிள்தான் சொதப்பல். எனக்கு குடுத்த சீட்டு பத்து நிமிஷத்துக்கொருதரம் கீழ எறங்குது, பிரேக்கு புடிச்சா கோழி கத்துற மாதிரி சத்தம். திரும்பிப்போய் சொன்னா கவுண்டர் பையன் "சாரி லா"ன்னு முடிச்சிட்டான், காசு கொறைக்கல. எடுக்கும்போதே சீட்ட அமுக்கிப் பாத்துக்குங்க. பாலத்துக்கு அஞ்சு ஸ்டார், கடைக்கு ரெண்டு.