காரைக்குடி அருகே ஆறு நாள் ஆப்பரேட்டர் பயிற்சி: ஆட்களை அனுப்பியவரின் மதிப்பீடு

கண்மாய் தூர்வாருதல், சீமைக்கருவேலம் அகற்றுதல், பழைய வீடுகளைப் பிரித்தல் ஆகிய வேலைகளுக்காக ஒரு ஜேசிபியும் 20 டன் ஹிட்டாச்சி ஒன்றும் வைத்திருக்கிறேன். (எந்தக் கம்பெனியின் செயின் வண்டியானாலும் இந்தப் பக்கம் அதற்கு ஹிட்டாச்சி என்றே பெயர், என்னுடையது வேறு கம்பெனி.) சென்ற ஆண்டு கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வண்டி சுழன்ற நேரத்தில் ஹெல்பர் பையன் கவுண்டர் வெயிட்டுக்கும் (வண்டியின் பின்புறம் சமநிலைக்காக இருக்கும் கனத்த பாகம்) மதிலுக்கும் நடுவே நின்றிருந்தான். சட்டை கிழிந்ததோடு தப்பினான். அதன் பிறகுதான் என் ஆப்பரேட்டர்கள் இருவரையும் இந்தப் பயிற்சிக்கு அனுப்பினேன். முதல் இரண்டு நாள் நானும் உடன் இருந்தேன்.

முதல் நாள் காலையில் ஒருவரும் லீவரைத் தொடவில்லை. ஹிட்டாச்சியைச் செம்மண் திடலின் நடுவே நிறுத்தி, என் மூத்த ஆப்பரேட்டரை இருக்கையில் அமர்த்திவிட்டு, மற்றவர்களைச் சுற்றிலும் நடக்கவிட்டார்கள். யாருடைய தலை அவர் கண்ணுக்கு மறைகிறதோ அந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள். அரை மணி நேரத்தில் வண்டியின் வலப்புறமும் பின்புறமும் ஒரு களம் அளவுக்கு வெள்ளையாகிவிட்டன. பயிற்சிக்கு வந்திருந்த மற்ற ஏழு பேரும் அந்த வெள்ளைக்குள் போய் நின்றார்கள். இருக்கையிலிருந்து இறங்கி வந்து பார்த்தவர், “பதினெட்டு வருசமா இதுலதானே சார் உக்காந்திருக்கேன், ஒருத்தரும் தெரியலையே” என்றார். கொடுத்த கட்டணம் அந்த ஒரு காலைக்கே தகும் என்பேன்.

கண்மாய்க் கரையில் வேலை செய்யும்போது செயின் கரையின் விளிம்பை நேராகப் பார்த்திருக்க வேண்டும், செயினை ஓட்டும் டிரைவ் மோட்டார் பின்பக்கம் இருக்க வேண்டும் என்று காரணத்தோடு சொல்லிக்கொடுத்தார்கள்: விளிம்பு சரிந்தால், திருப்ப அவகாசம் தேடாமல் நேரே பின்வாங்கிவிடலாம். வண்டி கவிழத் தொடங்கினால் குதிக்கக் கூடாது, சீட் பெல்ட்டோடு கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை நம் ஆட்கள் இலேசில் ஏற்கவில்லை. குதிப்பவர் விழும் பக்கமே வண்டியும் விழும் என்பதைச் சிறிய பொம்மை வண்டி ஒன்றைக் கவிழ்த்துக் காட்டிய பிறகே வாயடைத்தார்கள். ஹைட்ராலிக் ஓஸில் கசிவு தேடும்போது விரலால் தடவாமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குப் புதிது; கண்ணுக்குத் தெரியாத துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அத்தகைய காயம் வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும் என்றாலும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றிய வகுப்பு வெறும் திரை வாசிப்பு. மதியச் சாப்பாடு நன்று. தகரக் கொட்டகையில் பிற்பகல் வகுப்பு நடத்துவதைச் சித்திரை, வைகாசியிலாவது நிறுத்தலாம்.

பெரிய குறைகள் இரண்டு. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர்களையும், மூடிக் கிடக்கும் கிணறுகளையும் கொண்ட வீடுகளைப் பிரிப்பது இந்த வட்டாரத்தில் அன்றாட வேலை. சுவரின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தோடு அதை முடித்துவிட்டார்கள். குறுகிய சந்தில் அந்தத் தூரம் கிடைக்காதபோது என்ன செய்வது என்று கேட்டேன். ஆட்களைக் கொண்டு மேலிருந்து கையால் பிரித்துவரச் சொன்னார்கள். சரியான பதில்தான், ஆனால் கேட்டதால் கிடைத்த பதில்.

இரண்டாவது, ஹெல்பர்களைச் சேர்ப்பதில்லை. மதிலோரம் நின்றவன் ஆப்பரேட்டர் அல்லன். எங்கே நிற்க வேண்டும், எந்தக் கைச்சாடைக்கு வண்டி நிற்கும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாதிக் கட்டணத்தில் ஒரே ஒரு நாளாவது அவர்களை அனுமதிக்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை என் ஹெல்பருக்கு மூத்த ஆப்பரேட்டரே சுண்ணாம்புத் தூளோடு பாடம் நடத்துகிறார்.