மீட்டரா, பழைய மதிப்பா? இங்கிலாந்தில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீட்டர் இல்லாத வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லுக்கும் அங்கே செலவாகும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லை. பொதுவாக வீட்டின் ‘ரேட்டபிள் வேல்யூ’வை, அதாவது வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று அந்நாளில் உள்ளூர் வரிக்காகப் போட்ட மதிப்பை வைத்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். அந்த மதிப்பு 1973-ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து வருவது. 1990-க்குப் பிறகு அது திருத்தப்படவே இல்லை. அதை எதிர்த்து இனி முறையிடவும் வழியில்லை. வீட்டில் ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் ஒரே தொகை. மாடியில் புதிதாக அறை எடுத்துக் கட்டினாலும் மாறாது.

மீட்டர் வீட்டில் ஆயிரம் லிட்டர் ஓர் அலகு. தண்ணீருக்கு ஒரு விலை, கழிவுநீருக்கு ஒரு விலை, அவற்றோடு நிலைக்கட்டணம். கழிவுநீரை யாரும் அளப்பதில்லை. உள்ளே வந்த தண்ணீரில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போனதாக எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். ஆகவே குழாயைத் திறந்தால் இரண்டு கட்டணமும் சேர்ந்தே ஓடும்.

எது லாபம்? வீட்டின் படுக்கையறைகளைவிட ஆட்கள் குறைவாக இருந்தால் மீட்டரை யோசியுங்கள் என்பது பலரும் சொல்லும் எளிய அளவுகோல். பெரும்பாலும் சரியாகவே வருகிறது. லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பிள்ளைகள் மணமாகிப் போன பிறகு, நான்கு அறை வீட்டில் இருவராக இருக்கும் தம்பதியர் எத்தனையோ பேர். அவர்கள் பழைய முறையிலேயே கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்ணீர்க் கட்டணம் சராசரியாக 26 விழுக்காடு உயர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு இது சிறு தொகை அல்ல.

அளவுகோலோடு நிற்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 140 லிட்டர் என்றால் ஆண்டுக்கு ஐம்பது அலகு. ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, உங்கள் தண்ணீர் நிறுவனத்தின் அலகு விலைகளைப் போட்டு, நிலைக்கட்டணத்தைச் சேர்த்து, இப்போதைய பில்லோடு ஒப்பிடுங்கள். நம் வீடுகளுக்கு இந்தச் சராசரியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது. மூன்று வேளையும் சமையல், அரிசி களைவது, பெரிய பாத்திரங்கள், கழிப்பறையில் தண்ணீர் என்று நம் செலவு வேறு.

மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டில் மீட்டர் வேண்டாம் என்பதே என் முடிவு. பணம் மட்டும் காரணமல்ல. மீட்டர் ஓடுகிறதே என்று வயதான தாய் குளிக்கத் தயங்கும் வீடாக அது மாறக் கூடாது. ஆனால் அரசு உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் ஒரு விலக்கு உண்டு. 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது நோயின் காரணமாக அதிகத் தண்ணீர் தேவைப்பட்டால், ‘வாட்டர்ஷ்யூர்’ திட்டத்தில் பில்லுக்கு உச்சவரம்பு கிடைக்கும். அது மீட்டர் உள்ளவர்களுக்கும், மீட்டர் கேட்டும் பொருத்த முடியாமல் போனவர்களுக்கும்தான். இந்தத் திட்டம் இருப்பதே தெரியாமல் முழுத் தொகையையும் கட்டுவது வேதனை.

மீட்டர் கேட்டால், பொருத்த முடிகிற வீடு என்றால் நிறுவனம் இலவசமாகப் பொருத்த வேண்டும். வாடகைக்கு இருப்பவரும், குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் இருந்தால் கேட்கலாம். பல அடுக்ககங்களில் குழாய் பொதுவாக இருப்பதால் பொருத்த முடியாது என்பார்கள். அங்கே மூன்றாவது வழி ஒன்று உண்டு: வீட்டின் அளவையோ ஆட்களையோ வைத்து மதிப்பிடும் கட்டணம். தனியாக வாழ்பவருக்கு இது பல நேரம் பழைய பில்லைவிடக் குறைவு. முடியாது என்ற பதிலோடு விட்டுவிடாமல் அதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லோருக்கும் இந்தத் தெரிவு இல்லை. 1990-க்குப் பின் கட்டிய வீடுகளில் பொதுவாக மீட்டர் இருக்கும். மீட்டருக்கு மாறிய பழைய வீட்டுக்குக் குடிபோனால் அதை மாற்ற முடியாது. தண்ணீர் நெருக்கடி கடுமையானது என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில், தென்கிழக்கு இங்கிலாந்தில் பரவலாக, நிறுவனமே கட்டாயமாகப் பொருத்தலாம். ஸ்காட்லாந்தில் வீட்டு வரியோடு தண்ணீர்க் கட்டணமும் வருவதால் இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது.

மீட்டர் பொருத்தியதும் முதல் வேலை கசிவைப் பார்ப்பது. இரவு படுக்கும்முன் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து, யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் காலையில் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிதான் காரணம்; சத்தமே இல்லாமல் நாளுக்குச் சில நூறு லிட்டர் போய்விடும். பழைய முறையில் இந்த இழப்பு உங்கள் பில்லில் தெரியாது. இப்போது தெரியும்.

நீங்களாகக் கேட்டு மாறியிருந்தால் முதல் 12 மாதத்துக்குள் பழைய முறைக்குத் திரும்பலாம். பிறகு பொதுவாக முடியாது. அந்த ஓராண்டில் உங்கள் வீட்டின் வழக்கமான வாழ்க்கை முழுவதும் அடங்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்குவது வழக்கமென்றால், அவர்கள் வராத ஆண்டின் பில்லை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவர்கள் தங்கியிருக்கும் மாதங்களின் பில்லும் கையில் வந்த பிறகு, கெடு முடிவதற்குள் ஒப்பிட்டு, திரும்புவதென்றால் எழுத்தில் கேளுங்கள்.