மேஜர் கார்ட் இன்வெர்ஷன்: ஓராண்டுப் பழக்கத்துக்குப் பின் கிட்டாரில் மிஞ்சுவது

சென்னையில் பாட்டு வகுப்பிலிருந்து கிட்டாருக்கு வருகிறவர்களுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது. மேஜர் கார்ட் என்பது ச, அந்தர காந்தாரம், ப மூன்றும் ஒன்றாக ஒலிப்பது. இவற்றில் எது அடியில், அதாவது தாழ்ந்த ஸ்வரமாக, வருகிறது என்பதுதான் இன்வெர்ஷன். ச, அதாவது ரூட், அடியில் இருந்தால் ரூட் பொசிஷன், க இருந்தால் முதல் இன்வெர்ஷன், ப இருந்தால் இரண்டாவது. அவ்வளவுதான் கணக்கு.

சி-யை ச-வாகக் கொண்ட சி மேஜரை 3, 2, 1 கம்பிகளில் (1 மிக மெல்லியது) வைத்துப் பார்த்தால், கம்பி வரிசைப்படி அழுத்த வேண்டிய ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் கட்டம்) எண்கள் இவை: ரூட் 5-5-3, முதலாவது 9-8-8, இரண்டாவது 12-13-12. 4, 3, 2 கம்பிகளில் அதே வரிசையில் 10-9-8, 2-0-1 (0 என்றால் அழுத்தாத திறந்த கம்பி), 5-5-5. கம்பி மாறினால் வடிவமும் மாறக் காரணம், 3-க்கும் 2-க்கும் நடுவே நான்கு அரைச்சுரம்தான் (ஒரு ஃப்ரெட் ஓர் அரைச்சுரம்). மற்ற பக்கத்துக் கம்பிகளுக்கிடையே ஐந்து.

பலரும் ஒரே கார்டை மேலும் கீழும் ஓட்டியே மாதங்களைக் கழிக்கிறார்கள். கைக்கு வேகம் வரும், பாட்டுக்கு உதவாது. இன்வெர்ஷனின் ஆதாயம் கை நகராமல் இருப்பதில் இருக்கிறது. 3, 2, 1 கம்பிகளில் சி 5-5-3, எஃப் 5-6-5, ஜி 4-3-3, மறுபடி சி. நான்கு ஃப்ரெட்டுக்குள் மூன்று கார்டும் அடங்கிவிடும். தடுமாற்றம் சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும்போது வரும். 3-ஆம் கம்பியில் ஸ்வரம் அதேதான், ஆனால் மோதிர விரல் எழுந்து ஆள்காட்டி விரல் உட்கார வேண்டும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தனியாகப் பழகுவது நல்லது.

4, 3, 2 கம்பிகளின் 5-5-5 சுலபம் போலத் தெரியும். ஒரே விரலைப் படுக்கவைத்தால் போதும், ஆனால் 1-ஆம் கம்பியும் சேர்ந்து அழுந்தினால் ஏ ஸ்வரமும் ஒலித்து சி6 என்ற வேறு கார்ட் ஆகிவிடும். விரலின் அடிச்சதை அந்தக் கம்பியை அழுத்தாமல் தொட்டபடி இருக்க வேண்டும்.

சுருதி சேர்ப்பதில் ஒரு பொறி உண்டு. கிட்டாரின் காந்தாரம் தம்புராவோடு இயல்பாகச் சேரும் காந்தாரத்தைவிட 14 சென்ட் அளவு கூடுதல் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பழகிய காது அதைச் சகிக்காது. திறந்த ஜி கார்ட் இனிக்கட்டும் என்று, அதில் காந்தாரமாக ஒலிக்கும் 2-ஆம் கம்பியைக் கொஞ்சம் இறக்கத் தோன்றும். இறக்கினால் 5-6-5 வடிவம் கெட்டது, ஏனென்றால் அங்கே அதே கம்பியில்தான் ரூட். ட்யூனர் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

9-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் மட்டும் அபசுரம் தட்டினால் விரலைக் குறை சொல்லாதீர்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் கம்பி பழையதாகியிருக்கலாம், அல்லது ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் இடைவெளி) அதிகம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அகௌஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும். பெசன்ட் நகர் மாதிரிக் கடலோர வீடுகளில் கம்பி துருவும் சீக்கிரம் வரும். வாசித்ததும் பருத்தித் துணியால் துடைப்பது அவசியம்.

குறை என்றால், தனியாகப் பாட்டுக்கு வாசிக்கும்போது மூன்று கம்பி மெலிசுதான். அதற்கு 6-ஆம் கம்பியிலிருந்து 0-3-2-0-1-0 என, சி-யின் காந்தாரமான இ-யை அடியில் வைத்து ஆறு கம்பியிலும் சி வாசிக்கலாம். மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ பேஸ் கிட்டார் இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே 9-8-8 பிடித்தாலும் பேஸ்காரர் சி-யைத் தட்டினால் கேட்பவர் காதுக்கு அது ரூட் பொசிஷன்தான். முதல் இன்வெர்ஷன் வேண்டுமென்றால் அவரிடம் இ கேளுங்கள்.