மிலான் கலேரியாவில் மீன் கேட்டால் முதலில் எடையைக் கேளுங்கள்

மிலானுக்குப் போகிற யாரும் துவோமோ பேராலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கலேரியா விட்டோரியோ இமானுவேலேவைப் பார்க்காமல் திரும்புவதில்லை, பார்க்கவும் வேண்டும். 1867-ல் திறந்த கடைவீதி, தலைக்கு மேலே முழுக்க இரும்பும் கண்ணாடியும், நடக்கக் காசு கிடையாது. ஆனால் உள்ளே மேசை போட்டிருக்கும் உணவகத்தில் உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான், மனைவி, அம்மா மூன்று பேர். அம்மாவுக்குக் கால் வலி, அதைப் பார்த்ததுமே வாசலில் நின்ற ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். மெனுவில் பாஸ்தா 19 யூரோ, சுட்ட மீன் 11 யூரோ. பாஸ்தாவைவிட மீன் மலிவா என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். அம்மா மீன் என்றதும், பரிமாறுகிறவர் ஐஸ் மேல் கிடத்திய ஒரு முழு மீனைத் தட்டோடு கொண்டுவந்து காட்டினார். அம்மா ஊர்ச் சந்தையில் பார்ப்பதுபோலவே செவுளைத் தூக்கிப் பார்த்தார், நல்ல சிவப்பு, தலையாட்டினார். எடை என்ற பேச்சே எழவில்லை, தராசும் கண்ணில் படவில்லை.

பில் வந்தது. மீன் மட்டும் 79.20 யூரோ. கேட்டால் மெனுவைத் திருப்பி, 11-க்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டுகிறார்: 'எத்தோ'. அதாவது 100 கிராமுக்கு 11 யூரோ, மீன் 720 கிராமாம். வெந்து வயிற்றுக்குள் போன மீனை இனி யார் நிறுப்பது? அது போக, நாங்கள் கேட்காத காய்கறித் தட்டு 9 யூரோ, தண்ணீர் பாட்டில் இரண்டு 10 யூரோ (ஒன்றுதான் கேட்டோம், இரண்டாவதை அவர்களாகவே திறந்து வைத்தார்கள்), பாஸ்தா இரண்டு 38, ஆளுக்கு 4 யூரோ வீதம் 'கோப்பெர்த்தோ' 12. ஆக மொத்தம் 148.20. இந்தக் கோப்பெர்த்தோ மேசையில் உட்காருவதற்கான கட்டணம், மெனுவில் போட்டிருந்தால் மிலானில் கேட்பது சட்டப்படி சரிதான், அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தக் கட்டடம் மிலான் மாநகராட்சியுடையது, கடைகளை ஏலம் விட்டு எக்கச்சக்க வாடகை வாங்குகிறார்கள் என்பதும் தெரியும். அதற்காக எங்கள் அம்மா தின்ற மீனிலா வாடகையை வசூலிப்பது?

கார்டைக் கொடுத்ததும் அடுத்த வேலை. மிஷினில் யூரோவா ரூபாயா என்று கேட்கும், அதை என்னிடம் காட்டாமல் அவரே ரூபாயை அழுத்திவிட்டு, பின் நம்பர் போடச் சொல்லி நீட்டினார். ரூபாயை எடுத்தால் அவர்கள் வைத்ததுதான் விகிதம், நம் வங்கி போடுவதைவிட நன்றாகவே கூடுதல். தேர்வு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான். கேன்சல் பண்ணுங்கள், யூரோவில் போடுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே மறுபடி போட வந்தார்.

அப்போதுதான் கவனித்தேன், கையில் கொடுத்தது வெறும் கணக்குச் சீட்டு, முறையான ரசீது இல்லை. 'ஸ்கொந்த்ரீனோ' வேண்டும் என்று கேட்டேன். உள்ளே போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். வந்த ரசீதில் காய்கறித் தட்டையும் இரண்டாவது பாட்டிலையும் காணோம்! 134.20 கட்டினேன். மீன் கணக்கில் ஒரு சென்ட் குறையவில்லை.

அங்கேதான் சாப்பிட வேண்டும் என்றால், மீனோ பெரிய ஸ்டேக்கோ, சமைக்கும் முன்பே எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். காபி மட்டும் போதுமென்றால் உட்காராதீர்கள், கவுன்டரில் நின்றே குடியுங்கள், அதே காபிக்கு மேசையில் பல மடங்கு வாங்குவார்கள். நிறைய இடங்களில் முதலில் கல்லாவில் காசு கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால்தான் காபி போடுவார்கள்.

அப்புறம், தரையில் இருக்கும் காளைச் சித்திரத்தின் மேல் குதிகாலை ஊன்றிச் சுற்றினால் அதிர்ஷ்டம் என்று எப்போதும் கூட்டம் மொய்க்கும். சுற்றுகிறவரையும் போனையும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே துவோமோ சதுக்கத்தில் 'இலவசம், இலவசம்' என்று மணிக்கட்டில் கயிறு கட்டவும், புறாவுக்குப் போடச் சொல்லிக் கையில் சோளத்தைத் திணிக்கவும் ஆட்கள் வருவார்கள். கட்டி முடித்ததும், கொட்டி முடித்ததும் காசு கேட்பார்கள். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, நிற்காமல் நடந்துவிடுங்கள்.