கேரவன் டாய்லெட் டேங்க் கழுவ பிரஷர் கேஜும் வாட்டர் மீட்டரும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஷெட்டில் நிற்பது, டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிய வண்டி. குடும்பமாக வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கன்னியாகுமரியில் சூரியோதயம், அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, சாயங்காலம் முட்டம் என்று சுற்றிவிட்டு வந்தால் டாய்லெட் டேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். அதை ஷெட்டின் செப்டிக் டேங்கில் இறக்கி, உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவியாக வேண்டும். அந்த வேலைக்கு ஓஸில் ஒரு பிரஷர் கேஜும் ஒரு வாட்டர் மீட்டரும் மாட்டிச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இந்த ஊர்த் தண்ணீரிலும் உப்புக்காற்றிலும் எது தாக்குப்பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் என் தீர்ப்பு: இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மீட்டரை வாங்குங்கள். கேஜ் அப்புறம் வரட்டும்.

காரணம் இதுதான். எங்கள் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் குழாயைவிட 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு கிலோ பிரஷர் என்பது கணக்கு. பிளம்பர்கள் கிலோ என்று சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஆக, ஓஸ் முனையை மூடிவிட்டுப் பார்த்தால் கேஜில் 0.8 நிற்கும். அரை இஞ்ச் ஓஸ் போட்டாலும் 0.8, முக்கால் இஞ்ச் போட்டாலும் அதே 0.8. ஆனால் திறந்துவிட்டு 20 லிட்டர் வாளியைப் பிடித்தால் கதை வேறு. அரை இஞ்ச் ஓஸில் வாளி நிரம்ப 80 விநாடி ஆகிறது, முக்கால் இஞ்சில் 45 விநாடிதான். டேங்கின் அடியில் படிந்ததை அசைத்து வெளியே தள்ளுவது ஓடுகிற தண்ணீரின் அளவு. பிரஷர் என்பது அந்தத் தண்ணீர் டேங்குக்குள் இருக்கும் ஸ்பிரேயரின் (தண்ணீரைப் பீய்ச்சும் முனை) ஓட்டைகள் வழியாகச் சீறி வருவதற்குத் தேவையானது, அவ்வளவுதான். மூடி வைத்துப் பார்க்கிற பிரஷரை நம்பி 'நல்லா அடிக்குது' என்று முடிவு கட்டக் கூடாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஜ் என்ன காட்டுகிறது, மீட்டர் என்ன காட்டுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேர்த்துப் பார்த்தால் எங்கே கோளாறு என்பது வண்டிக்கு அடியில் படுக்காமலேயே தெரிந்துவிடும். இந்தத் தொகுப்பின் உண்மையான பலனே இதுதான். கேஜ் ஏறி, மீட்டரில் ஓட்டம் குறைந்தால் அடைப்பு கேஜுக்கு அப்பால், அதாவது டேங்குக்குள் இருக்கும் ஸ்பிரேயரில். இரண்டும் சேர்ந்து இறங்கினால் கோளாறு இந்தப் பக்கம்: மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும், ஓஸ் மடங்கியிருக்கும், அல்லது வடிகட்டியில் மண் சேர்ந்திருக்கும். பிரஷர் இறங்கி ஓட்டம் மட்டும் கூடியிருந்தால் உடனே மூடுங்கள். உள்ளே குழாய் கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது என்று பொருள்.

முட்டம் பக்கத்தில் ஒரு விடுதியின் செப்டிக் டேங்கில், உரிமையாளரின் சம்மதத்தோடு, கழிவை இறக்கி அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவதுண்டு. ஒரு நாள் கூட வேலை செய்யும் தம்பி கேஜைப் பார்த்துவிட்டு, "அண்ணே, முள்ளு ஏறிட்டு, ஆனா வெள்ளம் வரல்ல" என்றான். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். ஸ்பிரேயரைக் கழற்றினோம். எட்டு ஓட்டைகளில் ஐந்து வெள்ளையாக அடைத்திருந்தன. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி பொடி உதிர்ந்தது. இரண்டு ஓட்டைகளில் மணல் பருக்கை இறுகியிருந்தது. வினிகரில் ஊறப்போட்டு, ஊசியால் குத்திக் கழுவிய பிறகு ஓட்டம் பழைய அளவுக்கு வந்தது. கேஜ் மட்டும் இருந்திருந்தால் முள் ஏறியதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டிருப்போம்.

சரி, பொருள்களுக்கு வருகிறேன்.

கேஜ்: பெயின்ட் அடித்த இரும்பு உடம்புள்ள மலிவான கேஜ் இந்த மாவட்டத்துக்கு ஆகாது. சொத்தவிளை, முட்டம் என்று கடலோரம் போய் வருகிற வண்டியில் ஒரே மழைக்காலத்தில் விளிம்பு துருப்பிடித்து, கண்ணாடிக்குள் நீர் கோத்துவிட்டது. இப்போது இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு, உள்ளே கிளிசரின் நிரப்பியது. மோட்டாரிலிருந்து நேராகத் தண்ணீர் எடுத்தால் சாதாரண கேஜில் முள் படபடவென்று ஆடும், எண்ணைப் படிக்கவே முடியாது. கிளிசரின் அந்த ஆட்டத்தை அடக்கிவிடுகிறது. வாங்கும்போது 0 முதல் 4 கிலோ வரை உள்ளதாகப் பாருங்கள். 10 கிலோ கேஜில் 0.8 என்பது ஓரத்தில் ஒரு கோடு, அதில் ஏற்ற இறக்கம் தெரியாது.

மீட்டர்: முதலில் போட்டது பிளாஸ்டிக் உடம்புள்ள டிஜிட்டல் மீட்டர். உள்ளே சின்னச் சக்கரம் சுற்றும், சென்சார் அதை எண்ணும். எண் பளிச்சென்று தெரியும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்றும் காட்டும். ஆனால் மோட்டார் போட்டவுடன் குழாயிலிருக்கும் காற்றையும் தண்ணீராக எண்ணிவிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கிணறு செம்மண் கலங்கி வரும். அந்த வண்டல் ஏறினால் சக்கரம் இறுகிவிடும். இங்கே தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு, ஆகவே கலங்கல் தண்ணீருக்குக் குறைவே இல்லை. முன்னால் ஒரு வலை வடிகட்டி போட்ட பிறகு பரவாயில்லை, என்றாலும் அதை மாற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது வீட்டுக் குடிநீர் இணைப்பில் வைக்கிற 15 மில்லிமீட்டர் பித்தளை மீட்டர், வாட்டர் மீட்டருக்கான இந்தியத் தரக்குறியீடான ஐஎஸ் 779 முத்திரை உள்ளது. கனமாக இருக்கும், பேட்டரி கிடையாது, சிவப்பு முள் சுற்றுவதைப் பார்த்து லிட்டர் எண்ண வேண்டும், படுக்கைவாட்டில்தான் வைக்க வேண்டும். இதெல்லாம் தொந்தரவுதான். ஆனாலும் வாளி வைத்துச் சரிபார்த்தபோதெல்லாம் சரியாகவே காட்டுகிறது. காற்றை எண்ணுகிற குறை இதிலும் உண்டு. அதனால் ஓஸில் தண்ணீர் நிரம்பி வந்த பிறகே எண்ணத் தொடங்குவோம். கேரவன் சாமான் என்று விலை கூட்டி விற்பதைத் தேட வேண்டாம், பிளம்பிங் கடையிலேயே கிடைக்கும்.

ரெகுலேட்டர் (பிரஷரைக் குறைத்து ஒரே அளவில் வைக்கும் கருவி): மேல்தொட்டித் தண்ணீருக்கு ரெகுலேட்டர் போடாதீர்கள். இருக்கிற 0.8 கிலோவையும் அது தின்றுவிடும். மோட்டாரிலிருந்து நேராக எடுத்தால் மட்டும் தேவை. வீட்டு மோட்டார்கள் முனை மூடியிருக்கும்போது 3 கிலோவுக்கு மேல் தள்ளக்கூடியவை. கேரவன் குழாய்களுக்கு 40 முதல் 50 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 3 கிலோ வைப்பது வழக்கம். குட்டியான, மாற்ற முடியாத பித்தளை ரெகுலேட்டர் ஓட்டத்தைப் பாதியாக்கிவிட்டது. திருகி மாற்றக்கூடிய பெரிய உடம்புள்ளதே மேல்.

இனி ஆபத்தான விஷயம். எங்கள் டேங்க் 90 லிட்டர். வெளியேறும் வால்வை மூடி வைத்து, நிமிடத்துக்கு 12 லிட்டர் விட்டால் காலி டேங்க் ஏழரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்புறமும் தண்ணீர் போனால் அது கூரைக்குப் போகும் காற்றுக்குழாயில் ஏறும். இரண்டு மீட்டர் ஏறினால் டேங்கின் மேல்பக்கத்தில் 0.2 கிலோ பிரஷர். கேட்க அற்பமாக இருக்கும். மேல்பக்கம் 100 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் என்றால் 5,000 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 1,000 கிலோ. மேல்பக்கத்தில் ஒரு டன் விசை தாங்கும்படி இந்த மாதிரி கேரவன் பிளாஸ்டிக் டேங்குகளைச் செய்வதில்லை. உள்ளிருக்கும் அளவு சென்சாரையும் நம்ப வேண்டாம், காகிதம் ஒட்டிக்கொண்டால் காலி டேங்கையும் நிறைந்தது என்று காட்டும். எனவே ஊறவைத்துக் கழுவும்போது மீட்டரில் 60 லிட்டர் ஆனதும் நிறுத்தி, வால்வைத் திறந்துவிடுகிறோம். வடியும் ஓஸில் ஒளி ஊடுருவுகிற எல்போ (வளைவுக் குழாய்) ஒன்று மாட்டியிருக்கிறோம். பழுப்பாக, காகிதத் துணுக்குகளோடு வருவது மெல்ல வெளுத்து, பின்பக்கம் பிடித்த விரல் தெரிகிற அளவுக்குத் தெளிந்தால் போதும்.

மோட்டார் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு ஒன்று வற்புறுத்திச் சொல்கிறேன்: தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் குழாய்த் தண்ணீர் பின்னோக்கி இழுக்கும், டேங்க் பக்கத்து அழுக்கு குடிக்கிற கிணற்றுக்குள் போக வழி உண்டு. வண்டியில் காற்று இழுத்து அதைத் தடுக்கும் வேக்குவம் பிரேக்கர் இருந்தாலும் இரண்டாவது காவல் வேண்டும். கழுவுகிற ஓஸ், கேஜ், மீட்டர் எல்லாவற்றுக்கும் சிவப்பு டேப் சுற்றி, மூடியுள்ள தனி வாளியில் வைத்திருக்கிறோம். குடிதண்ணீர் ஓஸ் அதன் பக்கத்தில்கூட வராது.

மீட்டரால் நான் எதிர்பார்க்காத இன்னொரு நன்மையும் கிடைத்தது. வீட்டு அளவு செப்டிக் டேங்கில் சடசடவென்று நிறையத் தண்ணீரை விட்டால் அடியில் படிந்த வண்டல் கலங்கி, வெளியேறும் குழாய் வழியே உறிஞ்சு குழிக்குப் போய் அதை அடைத்துவிடும். எத்தனை லிட்டர் போகிறது என்று தெரியாதவரை நன்றாகக் கழுவுகிறோம் என்ற நினைப்பில் 300 லிட்டர்கூடப் போய்விடும். சிலர் இதற்குப் பயந்தே கால்வாய் ஓரம், ரப்பர் தோட்டம் என்று திறந்துவிடுகிறார்கள். கோதையாற்றுக் கால்வாய்களில் ஜனங்கள் இன்றும் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். அதில் கொண்டுபோய் விடுவது மகா பாவம். எங்கள் ஷெட்டில் ஒரு தடவைக்கு 150 லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம். எல்போவில் தண்ணீர் இன்னும் தெளியவில்லை என்றால் மிச்சக் கழுவல் மறுநாள் காலையில்.